தடுப்பூசி உற்பத்திப் பயிற்சி: ராணிப்பேட்டை – ஜவ்வாது மலை வட்டாரம்

தடுப்பூசி உற்பத்திப் பயிற்சி என்பது தடுப்பூசி, சீரம் முதலிய உயிரி மருந்துகளைத் தயாரிக்கும் கூடங்களில் வேலை செய்யக் கற்பிக்கும் பயிற்சியாகும். ஆய்வாளரையும் மேற்பார்வையாளரையும் பல்கலைக்கழகங்கள் உருவாக்குகின்றன. இப்பயிற்சி அவர்களுக்குக் கீழே நின்று கலன் கழுவுபவர், ஊடகம் கலப்பவர், குப்பி அடைப்பவர், பதிவேடு எழுதுபவர் ஆகியோருக்கானது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் இந்த வேலை நிலையங்களின் சுவருக்குள்ளேயே, மூத்தவரைப் பார்த்து இளையவர் பழகும் கைத்தொழிலாக இருந்தது. பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு வெளியிலிருந்து திறந்த வாயில்களில் ஒன்று சமுதாயக் கல்லூரி. பழைய வடஆற்காடு மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டையும், அதன் தென்மேற்கே ஜவ்வாது மலையும் அமைந்திருப்பதால் இவ்வரலாற்றை ஒரே வட்டாரத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

தொடக்கம்

சென்னை மாகாணத்தில் இத்தொழில் கிண்டி கிங் நிலையத்தில் பெரியம்மைத் தடுப்புப் பாலுடன் வேரூன்றியது. அந்நிலையத்தின் தொடக்க ஆண்டைச் சிலர் 1899 என்றும், சிலர் 1905 என்றும் குறிப்பர். முன்னது நிலையம் அமைந்த ஆண்டாகவும் பின்னது கட்டடம் திறந்த ஆண்டாகவும் கொள்ளப்படுகின்றன. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காகத் தோன்றியது.

ராணிப்பேட்டை நிலையம்

1932இல் ராணிப்பேட்டையில் கால்நடைகளுக்கான சீரம் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அது கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் எனப்படுகிறது. அதன் முதல் எதிரி வெக்கை நோய். மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு, வாய் புண்ணாகி, கழிச்சல் மிகுந்து, சில நாட்களில் தொழுவமே காலியாகிவிடும்.

அக்காலத்தில் சீரம் தயாரிப்பு முழுக்க மாட்டோடு மல்லுக்கட்டும் வேலையாக இருந்தது. நோயெதிர்ப்பு உள்ள மாட்டுக்கு வெக்கைக் கிருமி கலந்த இரத்தத்தை ஏற்றுவர். அது தாங்கி நின்ற பிறகு கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுத்து, உறைய வைத்து, மேலே தெளியும் வைக்கோல் நிறச் சீரத்தைப் பிரிப்பர். மாட்டை அசையாமல் கட்டவும், அதன் மூச்சையும் கண்ணையும் பார்த்து நிலை அறியவும், இரத்தத்தில் அழுக்குப் படாமல் கலத்தில் பிடிக்கவும் தெரிந்தவரே அன்று இங்குத் தேர்ந்த தொழிலாளி. மந்தையோடு வளர்ந்தவருக்கு இவற்றில் பாதி முன்பே கைவந்தவை. இத்தொழிலுக்கும் சுற்றுவட்டார மேய்ச்சல் குடிகளுக்கும் இருந்த நெருக்கம் இந்தக் காலத்தில்தான் மிகுதி.

இமயமலையின் முக்தேசுவரில் 1920களில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் வெக்கைக் கிருமியை ஆடுகளில் தொடர்ந்து ஏற்றி அதன் வீரியத்தைத் தணித்தார். அதன்பின் ஆட்டு மண்ணீரலை உலர்த்திப் பொடியாக்கிய தடுப்பூசி பரவியது. 1954இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் வந்தது. 1960களின் தொடக்கத்தில் கென்யாவில் பிளவ்ரைட் குழு உருவாக்கிய திசு வளர்ப்புத் தடுப்பூசி தொழிலின் முகத்தையே மாற்றியது. கன்றின் சிறுநீரகச் செல்களைக் கண்ணாடிப் புட்டியில் வளர்த்து அவற்றில் கிருமியைப் பெருக்கும் முறை அது. தொழுவத்தில் நின்ற வேலை, கதவடைத்த அறைக்குள் போனது. ஆட்டையும் மாட்டையும் பிடித்த கை, இனி எதையும் தொடாமலிருக்கப் பழக வேண்டியதாயிற்று.

இந்தியாவின் கடைசி வெக்கை நிகழ்வு 1995இல் தமிழ்நாட்டில், வடஆற்காட்டுப் பகுதியில் நேர்ந்ததாகக் குறிக்கப்படுகிறது. 2006இல் இந்தியாவும் 2011இல் உலகம் முழுவதும் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. ராணிப்பேட்டையில் எந்த நோய்க்காகக் கூடம் எழுந்ததோ அந்நோய் இன்று இல்லை. அடைப்பான், சப்பை, ஆட்டம்மை, கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் அவ்விடத்தை நிரப்பின. (வெள்ளைக் கழிச்சலின் மறுபெயரான ராணிக்கெட், குமாவோன் மலையூர் ஒன்றின் பெயர், ராணிப்பேட்டையோடு அதைக் குழப்பிக்கொள்வது உண்டு.)

சமுதாயக் கல்லூரிகள்

இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி எது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியதை முதலாவதாகச் சொல்வோர் உண்டு. சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் 1996இல் தொடங்கிய சென்னை சமுதாயக் கல்லூரியிலிருந்தே இயக்கம் பரவியது என்போரும் உண்டு. இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் பொறுப்பில் சென்னையில் அமைந்த மையம் இதற்குப் பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும் அளித்தது. பள்ளியை இடையில் விட்டவர், வயது கடந்தவர், கணவனை இழந்த பெண்கள் என எவருக்கும் கதவு திறந்திருந்தது. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடப் பயிற்சி என்று ஓராண்டுப் படிப்பு நகர்ந்தது. பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இவற்றை ஏற்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டம் 2013-14 முதல் நடைமுறைக்கு வந்தது.

இக்கல்லூரிகளில் உடல்நல உதவியாளர், ஆய்வுக்கூட உதவியாளர் படிப்புகள் வேரூன்றின. தடுப்பூசிக் கூடத்துக்கு மிக அருகில் வந்தவை இவை. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி இரத்தத்தைச் சோதிப்பதும், ஆயிரம் குப்பிகளை ஒரே தரத்தில் நிரப்புவதும் வேறு வேறு வேலைகள்.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியையும் மருந்தாலையையும் இணைத்த முன்மாதிரி வட கரோலைனாவினுடையது. அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகள் 2004இல் பயோநெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கின. சுமார் 130 மணி நேரம் நீளும் பயோவொர்க் படிப்பை முடித்தவர் மருந்தாலையில் இயந்திர இயக்குநராகச் சேரலாம். புகையிலையும் துணி ஆலையும் நலிந்த ஊர்களின் தொழிலாளர்களும் இதன்வழி மாறினர்.

சட்டமும் பதிவேடும்

இந்திய மருந்து விதிகள் (1945) உயிரி மருந்து ஆலையின் தொழில்நுட்பப் பணியாளருக்குப் பட்டமும் அனுபவமும் கேட்கின்றன. இயக்குநர் நிலைத் தொழிலாளிக்குத் தனிப் படிப்பை அவை வரையறுக்கவில்லை. பயிற்சி அளித்திருக்க வேண்டும் என்பதோடு, அவ்விதிகளில் நல்லுற்பத்தி நடைமுறைகளைக் கூறும் அட்டவணை எம் நின்றுவிடுகிறது. 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின் கீழ் பத்தாம் வகுப்புத் தேறியவர் சேரும் வேதி ஆலை இயக்குநர் பிரிவு ஓரளவு இவ்விடைவெளியை நிரப்பியது.

நல்லுற்பத்தி நடைமுறை விதிகளின் கனம் 2008இல் வெளிப்பட்டது. அவ்விதிகளுக்கு ஏற்ப இல்லை எனக் கூறி மத்திய அரசு அவ்வாண்டு ஜனவரியில் கசௌலி, குன்னூர், கிண்டி பி.சி.ஜி. ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உரிமங்களை நிறுத்தியது. அம்முடிவின் தேவை பற்றிப் பொதுச் சுகாதாரத் துறையினரிடையே கடும் மாறுபாடு நிலவியது. 2010இல் நிறுத்தம் விலக்கப்பட்டது.

இவ்விதிகள் தொழிலாளியிடம் கேட்பவை கேட்கச் சிறியவை. உடை மாற்றும் அறையில் முதலில் கை கழுவுவர். தலைமூடி, முகமூடி, உடல் அங்கி, காலுறை என மேலிருந்து கீழே அணிவர். அங்கியின் வெளிப்பக்கம் கையில் படவோ, அதன் கால் தரையில் உரசவோ கூடாது. உள்ளே மெல்ல நடக்க வேண்டும்; வேகமாகத் திரும்பினால் காற்று கலங்கி, தூசு குப்பிமேல் இறங்கும். பதிவேட்டில் எழுத்து பிழைத்தால் அழித்தெழுதவோ வெள்ளைமை பூசவோ தடை. பிழை படிக்கத் தெரியும்படி ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி இந்த ஒரு கோட்டைப் பழக்கமாக்குவதே எனலாம்.

ஜவ்வாது மலை

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிய இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். சாமை விளைச்சலும் ஆடுமாடு வளர்ப்பும் அவர்களின் வாழ்வாதாரத்தில் முக்கியமானவை. ஜமுனாமரத்தூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. கல்லூரிப் படிப்புக்கு மலையின் மேற்கில் வாழ்வோர் இறங்கும் ஊர்களில் ஒன்று திருப்பத்தூர். அங்கு சலேசிய சபையின் தூய நெஞ்சக் கல்லூரி 1951 முதல் உள்ளது. மருந்தாலையின் நீர்ச் சுத்திகரிப்பும் காற்றுக் குழாயும் கொதிகலனும் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் கைகளில் இருப்பதால், மலைப்பிள்ளைகள் இத்தொழிலுக்குள் நுழைய மிக எளிய வழி தொழிற்பயிற்சி நிலையமே.

அண்மைக் காலம்

2017இல் உலக வங்கிக் கடனுடன் தேசிய உயிரி மருந்துத் திட்டமும், 2022இல் தமிழ்நாட்டில் இளைஞர் திறன் பயிற்சிக்கான நான் முதல்வன் திட்டமும் தொடங்கின. 2023 டிசம்பரில் அட்டவணை எம் திருத்தப்பட்டது.

வெக்கைக்கு அடுத்து ஒழிப்புக்குக் குறிவைக்கப்பட்டது ஆட்டுக்கொல்லி நோய். அது இந்தியாவில் முதலில் 1987இல் விழுப்புரம் அருகே அரசூரில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து பிரித்த கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அரசூர்/87 என்ற தடுப்பூசி இனத்தை உருவாக்கியது. 2030க்குள் இந்நோயை உலகிலிருந்து ஒழிக்க உலக உணவு, விலங்கு நல அமைப்புகள் இலக்கு வைத்துள்ளன.