போய் அன்றே திரும்ப ஒரு நிலையம்: தாம்பரம்

இருப்புப்பாதை வந்த உடனேயே தாம்பரம் வளர்ந்துவிடவில்லை. தென்னிந்திய ரயில்வே 1870-களில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே மீட்டர் கேஜ் பாதையைப் போட்டது. அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தப் பகுதி ஏரியும் வயலும் புதர்க்காடுமாகவே கிடந்தது. நீராவி வண்டி ஒருவரைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் காலையில் போய் வேலை முடித்து, இருட்டுவதற்குள் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையை அது தரவில்லை. அந்த நம்பிக்கை பிறந்த நாளிலிருந்துதான் தாம்பரம் நிலையத்தின் உண்மையான வரலாற்றைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

1931 ஏப்ரல் 2 அன்று அப்போதைய ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் பாதையைத் திறந்து வைத்தார். மே மாதத்தில் பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடத் தொடங்கின. பம்பாயில் மின்சார ரயில் வந்தது 1925-இல். அடுத்த ஆறே ஆண்டுகளில் சென்னைக்கும் வந்துவிட்டது, அதுவும் மீட்டர் கேஜ் பாதையில். 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் அந்த வண்டிகள் ஓடின.

மின்சாரம் வந்ததால் அப்படி என்ன மாறிற்று? கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 29 கிலோமீட்டர். இன்று இரு முனைகளையும் சேர்த்து 18 நிலையங்கள் இருக்கின்றன. அதாவது, ஏறத்தாழ 1.7 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். நின்று நின்று கிளம்பும் இத்தகைய பாதையில் நீராவி எஞ்சின் திணறிப்போகும். மின்வண்டியிலோ மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருப்பதால் அது சட்டென்று வேகம் பிடிக்கும். இதைவிடப் பெரிய வசதி கடைசி நிலையத்தில்தான் தெரியும். நீராவி வண்டி முனையை அடைந்ததும் எஞ்சினைக் கழற்ற வேண்டும், பக்கத்துப் பாதை வழியே சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும், தண்ணீரும் கரியும் நிரப்ப வேண்டும். மின்வண்டிக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் இறங்கி நடைமேடையில் அந்தக் கோடிக்கு நடந்தால் போதும். வந்த வண்டியே போகும் வண்டியாகிவிடும். சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி என்ற ஏற்பாடு அந்த நடையில்தான் நிற்கிறது. வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனையும் தாம்பரத்திலேயே அமைந்தது. நிலையத்தின் பெருமைகளைச் சொல்ல வருபவர்கள் அந்தப் பணிமனைத் தொழிலாளர்களை முதலில் சொல்ல வேண்டும்.

பாதையின் வலிமையை உணர ஒரு கல்லூரியின் இடமாற்றம் போதும். சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, எஸ்பிளனேடில் இருந்தது. கடற்கரை நிலையமும் கோட்டை நிலையமும் நடக்கும் தூரம். 1937-இல் அது தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு கல்லூரியே இடம் மாறியது. பட்டணத்தோடு தொடர்பு அறுந்துபோகாது என்ற உறுதி இல்லாமல் நூறு ஆண்டுப் பழமை கொண்ட நிறுவனம் காட்டைத் தேடிப் போயிருக்குமா?

அதற்கும் முன்பே, 1928-இல், டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். நல்ல காற்றும் வெயிலும் ஓய்வுமே காசநோய்க்கு மருந்தாக நம்பப்பட்ட காலம் அது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தது பிறகுதான். நோயாளியைப் பார்க்க வரும் தாயும் மனைவியும் சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கிய நிலையத்துக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்றே பெயர் நிலைத்தது. 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளை மற்றவர்கள் தொடவே அஞ்சியபோது, அவர்களைச் சேர்த்துக்கொண்டு கவனித்தது இந்த மருத்துவமனை. சானடோரியத்துக்கு முந்திய நிலையமான குரோம்பேட்டையின் பெயரில் குரோம் தோல் ஆலை இருக்கிறது. இந்தத் தடத்தில் நிலையப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் தென்சென்னையின் தொழிலும் நோயும் வரிசையாக வரும்.

1960-களில் பாதை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. மின்சாரம் விழுப்புரம் வரை நீண்டது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய அந்தக் குறுகலான பெட்டிகளை என் தலைமுறை மறக்காது. எதிரெதிர் இருக்கைகளில் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். அந்த நெருக்கத்தில்தான் வாங்கிய ஒரு நாளிதழ் நான்கு பேர் கைமாறிப் படிக்கப்பட்டது. சம்பந்தம் பேசி முடிக்கப்பட்டது. கடைசி நேரத்தில் மாணவன் தேர்வுக்குப் படித்தான். மாதச் சீசன் டிக்கெட் ஒன்று இருந்தால், சொற்பச் சம்பளக்காரரும் பட்டணத்தில் வேலை, புறநகரில் நாலு தென்னை மரத்தோடு வீடு என்று கணக்குப் போட முடிந்தது. மகளிர் பெட்டி இல்லாதிருந்தால் எத்தனை பெண்களை வீட்டார் வேலைக்கு அனுப்பியிருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2004-இல் கடற்கரை - தாம்பரம் தடத்தின் மீட்டர் கேஜ் மின்வண்டிகள் ஓய்ந்து, 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை முழுதாக இடம்பிடித்தது.

இன்று தாம்பரம் பாதையின் முடிவும் அல்ல. செங்கல்பட்டு வண்டிகள் இதைக் கடந்து போகின்றன. எழும்பூர், சென்ட்ரலுக்கு அடுத்து மூன்றாவது முனையம் என்ற தகுதியும் வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது ராமேசுவரத்திலிருந்து அதன் மேல் புறப்பட்ட புதிய ரயில் வந்து சேர வேண்டிய இடம் தாம்பரம். அதே மாதம் 19-ஆம் தேதி கடற்கரை - செங்கல்பட்டு தடத்தில், பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை தயாரித்த, சென்னையின் முதல் குளிர்சாதனப் புறநகர் வண்டி ஓடத் தொடங்கியது. அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் ஐந்து ரூபாய். குளிர்சாதன வண்டி வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்த ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கான வண்டிகள் ஒன்றுகூடக் குறையக் கூடாது. தாம்பரத்தை உண்டாக்கியது அந்தச் சீட்டுதான்.

தண்டவாளம் ஊரை மேற்கு, கிழக்கு என்று பிரித்தது. நடைமேம்பாலம் மீண்டும் சேர்த்தது. மேற்கே ஜி.எஸ்.டி. சாலையின் பேருந்துகள், கிழக்கே வேளச்சேரிச் சாலையும் கல்லூரியும். வண்டி ஏறாதவர்களும் நாள் முழுக்க அந்த மேம்பாலத்தின் மேல் காய்கறிப் பையோடு, பள்ளிப் பிள்ளைகளோடு கடந்து போகிறார்கள். கீழே கடற்கரையிலிருந்து ஒரு வண்டி வந்து நிற்கிறது. கூட்டம் இறங்கிப் படியேறுகிறது. ஓட்டுநர் தம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மறுமுனை அறையை நோக்கி நடைமேடையில் நடக்கிறார்.