அரப்புத்தூள் முதல் நுரை வைப்ஸ் வரை



படுக்கையில் இருக்கும் பெரியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தப் பொருள் தெரிந்திருக்கும். கைக்குட்டை அளவில் ஒரு துணி. தண்ணீர் தெளித்துக் கசக்கினால் நுரைக்கும். உடம்பையும் தலையையும் துடைத்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம். குளியலறை வரை நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. வெளியூர்ப் பயணத்துக்கும் இப்போது பலர் வாங்குகிறார்கள்.

நுரை வரும் பொருளைத் தேய்த்துக் குளிப்பது நமக்குப் புதிதல்ல. தேய்த்த பிறகு மிச்சம் நிற்கும் பொருள்தான் புதிது. அந்த வரலாற்றை இந்த இதழில் பார்ப்போம். அது நம் தெருச் சாக்கடையில் வந்து முடிவதால், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இலையும் காயும்

திண்டுக்கல், மதுரைச் சமவெளியின் வறண்ட மண்ணில் தானாக வளரும் மரம் உசிலை. உசிலம்பட்டிக்கே பெயர் கொடுத்த மரம் அது. அதன் இலையை நிழலில் உலர்த்தி இடித்தால் அரப்புத்தூள். நல்லெண்ணெய் தேய்த்த தலைக்கு அரப்பைப் போல எண்ணெய் எடுப்பது எதுவும் இல்லை என்று வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

சமவெளிக்கு அரப்பு என்றால், மலைக்குச் சீயக்காய். அது முள் நிறைந்த ஏறுகொடி. பழனி மலையில் வாழும் பளியர்கள் தேனோடும் மற்ற வனப்பொருள்களோடும் சீயக்காயும் சேகரித்துக் கீழே அனுப்பினார்கள். அதோடு வெந்தயம், பாசிப்பயறு, பூலாங்கிழங்கு சேர்த்து மில்லில் அரைத்து வைத்துக்கொண்டால், வடிகஞ்சியில் குழைத்துத் தேய்க்க மாதக்கணக்கில் போதும். மூன்றாவதாகப் பூந்திக்கொட்டை. பட்டுச் சேலை அலசவும் நகை துலக்கவும் அதுவே. அதன் தாவரப் பெயரான 'சபிண்டஸ்' என்பதே 'இந்தியச் சோப்பு' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களின் சுருக்கம்.

இவை நுரைக்கக் காரணம் அவற்றில் உள்ள சபோனின் என்ற பொருள். அதன் மூலக்கூறின் ஒரு பகுதி எண்ணெயோடும், இன்னொரு பகுதி தண்ணீரோடும் ஒட்டும். அழுக்கு நுரையோடு போய்விடும். குளித்த தண்ணீர் கொல்லையில் வாழைக்குப் பாயும். தரையில் தங்கிய சக்கையும் பெருக்கித் தள்ளினால் மண்ணோடு மண்ணாகிவிடும்.

உப்புத் தண்ணீரும் சோப்பும்

சோப்பு நமக்குக் கப்பலில் வந்தது. 1888-இல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் இறங்கின. பிறகு இந்தியாவிலேயே சோப்பு ஆலைகள் எழுந்தன. 1914-இல் சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் ஒரு சோப்பு நிலையத்தைத் தொடங்கியது. 1916-இல் மைசூர் சமஸ்தானத்தின் சந்தனச் சோப்பு ஆலை வந்தது.

ஆனால் திண்டுக்கல்லில் சோப்புக்கு ஒரு எதிரி இருந்தது: நம் கிணற்றுத் தண்ணீர். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வாளி ஓரத்தில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். தலைமுடி சிக்கு விழும். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துத் தண்ணீரைச் சமைக்கவும் குடிக்கவும் பிடித்து வைத்துவிட்டு, குளிக்க உப்புத் தண்ணீரைப் பயன்படுத்திய எந்த வீட்டுக்கும் இது தெரியும். அதனால் உடம்புக்குச் சோப்பு வந்த பிறகும் தலைக்குச் சீயக்காய் நீடித்தது.

1930-களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் செயற்கை நுரைப்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. அவை உப்புத் தண்ணீரிலும் நுரைத்தன. ஷாம்பு அந்த வழியில் வளர்ந்தது. 'ஷாம்பு' என்ற சொல்லே 'சாம்போ' என்ற இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது; பிடித்துவிடுவது என்று அதற்குப் பொருள்.

கடலூரில் பிறந்த பாக்கெட்

வெகுகாலம் ஷாம்பு புட்டியில்தான் விற்றது. கூலி வேலைக்குப் போகிறவர் அதை வாங்க முடியாது. அந்த வழக்கத்தை மாற்றியது நம் தமிழ்நாடு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், எந்தப் பொருளையும் ஒரு தடவை பயன்பாட்டுக்கு ஏற்ற சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தில் அடைத்தால் ஏழையும் வாங்குவார் என்று நம்பினார். அவர் காலத்துக்குப் பின் அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். இன்னொரு மகன் சி. கே. ரங்கநாதன் பிரிந்து வந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலில் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். அந்த நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர்.

சிக் ஷாம்பு பரவிய விதத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். பிறகு சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். குப்பையைக் குறைக்கும் எண்ணம் அதில் இல்லை, அது வியாபார உத்தி. ஆனாலும் வெறும் பிளாஸ்டிக் உறைக்கு ஒரு விலை கிடைத்ததும் மக்கள் அதைத் தெருவில் போடாமல் கடைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். சலுகை நின்றது, உறையும் தெருவுக்குப் போனது. பிறகு 50 பைசா பாக்கெட்டும் வந்தது. பெட்டிக்கடைகளில் தோரணமாகத் தொங்கும் பாக்கெட்டுகள் நம் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

தலை கழுவும் வசதி எல்லோருக்கும் கிடைத்தது உண்மையான நன்மை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நுரை போன பிறகும் போகாத ஒன்று முதல் முறையாக நம் கையில் தங்கியது.

நெய்யாத துணி

அமெரிக்காவில் ஆர்தர் ஜூலியஸ் என்பவர் 1957-இல் ஈரத் துடைப்புத்தாளை உருவாக்கினார். 1963-இல் கேஎஃப்சி கோழிக்கடைகள் கை துடைக்க அதை வாங்கத் தொடங்கின. அடுத்துக் குழந்தைகளுக்கான வைப்ஸ் வந்தது. 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகள் நோயாளிகளைக் கிண்ணத் தண்ணீரில் துடைப்பதற்குப் பதிலாக இத்தகைய துணிகளைப் பயன்படுத்தத் தொடங்கின. ஒரே கிண்ணத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அதில் கிருமி தங்கும் என்பது ஒரு காரணம். உலர்ந்த துணியிலேயே நுரைப்பொருளை ஏற்றி, தண்ணீர் பட்டதும் நுரைக்கும்படி செய்ததுதான் இப்போது நாம் பேசும் வகை.

நூற்பாலைகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. சின்னாளப்பட்டித் தறிகளும் நமக்குத் தெரியும். இந்தத் துணி நூற்றதும் அல்ல, நெய்ததும் அல்ல. இழைகளைப் பரப்பி, நீரைப் பாய்ச்சியோ சூடேற்றியோ பிணைத்துச் செய்வது. பலவற்றில் அந்த இழை பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன்; அதாவது பிளாஸ்டிக். பருத்தித் துணியைப் போல அது மக்காது. காகிதம் போலத் தண்ணீரில் கரையவும் செய்யாது.

கரையாதது குழாயில் என்ன செய்யும் என்பதை லண்டன் காட்டியது. 2017-இல் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில் ஒரு அடைப்பு. சமையல் கொழுப்பும் வைப்ஸும் சேர்ந்து பாறையாக இறுகியிருந்தன.

நம் தெருவில்

லண்டனில் நடந்தது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 1866-இல் நகராட்சியாகி, 2014-இல் மாநகராட்சியான ஊர் இது. பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடும் உண்டு, செப்டிக் டேங்க் உள்ள வீடும் உண்டு. கழிப்பறையில் போட்ட ஒரு வைப்ஸ் இரண்டிலுமே அடைக்கும். அடைத்தால் அதை எடுக்க ஒரு மனிதர் வர வேண்டும். உரிய பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக் குழிக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் வந்த பிறகும் நாட்டில் விஷவாயு தாக்கி உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நாம் கழுவிக்கொண்ட அழுக்கு இன்னொருவர் மூச்சை அடைக்கக் கூடாது.

ஆகவே சில வேண்டுகோள்கள்:

• படுக்கை நோயாளி, கைக்குழந்தை, பயணம் ஆகியவற்றுக்கு வைப்ஸ் பயன்படுத்துங்கள். நடமாடுகிறவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீரும் பருத்தித் துண்டும் போதும்.

• 'கழிப்பறையில் போடலாம்' என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் போடாதீர்கள்.

• பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றித் தனியாக வையுங்கள். டயப்பர் போன்ற கழிவுகளைச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகளே சொல்கின்றன. தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கும்போது என்ன பொருள் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

• வாங்கும் முன் உறையைத் திருப்பிப் பாருங்கள். பருத்தி அல்லது விஸ்கோஸ் இழை என்றால் ஒருநாள் மக்கும். பாலியெஸ்டர் என்றால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும்.

வீட்டு ஓரத்தில் இடம் உள்ளவர்கள் ஒரு உசிலைக் கன்று நட்டுப் பாருங்கள். வறட்சி தாங்கும், நிழல் தரும், தலைக்கு அரப்பும் தரும்.