கொலஸ்ட்ரோல் அறிக்கையை எப்படி வாசிப்பது?

சுகாதாரம் பற்றி எழுதுகிறேன் என்பதால், தெரிந்தவர்கள் பலர் தங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவதுண்டு. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கொலஸ்ட்ரோல் 220 எண்டு கிடக்கு, பயப்பிடவேணுமோ?" நான் வைத்தியர் அல்ல. ஆனால் அந்த ஓர் இலக்கத்தை மட்டும் பார்த்து வைத்தியராலும் பதில் சொல்ல முடியாது. அது ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் அறிக்கையின் மற்ற வரிகளும் விளங்கிவிடும்.

நான்கு வரிகள்

கொலஸ்ட்ரோல் நஞ்சு அல்ல. உடற்கலங்களின் மென்சவ்வுக்கும் சில ஓமோன்களுக்கும் அது தேவை. அதன் பெரும்பகுதியை உடலே உருவாக்குகிறது. கொழுப்பு இரத்தத்தில் கரையாது என்பதால் புரதத்துடன் சேர்ந்த சிறு பொதிகளாகவே பயணிக்கிறது. அறிக்கையில் வருவது இந்தப் பொதிகளின் கணக்கு (அளவுகள் மி.கி./டெ.லீ. அலகில்):

- மொத்தக் கொலஸ்ட்ரோல்: 200இற்குக் கீழ் விரும்பத்தக்கது, 240இற்கு மேல் அதிகம்.
- எல்.டி.எல். ('கெட்ட கொழுப்பு'): நாடிச் சுவரில் படிவது இதுவே. 100இற்குக் கீழ் நல்லது; 160இற்கு மேல் அதிகம்.
- எச்.டி.எல். ('நல்ல கொழுப்பு'): ஆண்களுக்கு 40இற்கும் பெண்களுக்கு 50இற்கும் கீழே இருந்தால் குறைவு.
- ட்ரைகிளிசரைட்: 150இற்குக் கீழ் சாதாரணம். 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி ஏற்படும் அபாயமும் உண்டு.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் "எனக்கு 5.2தான்" என்றால் குழம்ப வேண்டாம். அங்கு அலகு மில்லிமோல். கொலஸ்ட்ரோலை 38.7ஆல் பெருக்கினால் நமது கணக்கு வரும், அவருடைய 5.2 நமக்கு ஏறத்தாழ 200. ட்ரைகிளிசரைட்டை மட்டும் 88.6ஆல் பெருக்க வேண்டும்.

ஒரே 220, இரண்டு கதைகள்

ஒரு பெண்ணுக்கு மொத்தம் 220, எச்.டி.எல். 70, ட்ரைகிளிசரைட் 100 என்று வைத்துக்கொள்வோம். பல ஆய்வுகூடங்கள் எல்.டி.எல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்லையும் ட்ரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தே சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் இவருக்கு 130.

இன்னொருவருக்கும் மொத்தம் 220தான். ஆனால் எச்.டி.எல். 35, ட்ரைகிளிசரைட் 200. இவருடைய எல்.டி.எல். 145. இவர் நீரிழிவு உள்ளவர், புகைப்பவர் என்றால் மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றுக்கான ஆபத்து முதலாமவரை விடப் பல படி அதிகம். ஆகவேதான் வைத்தியர் வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், குடும்ப வரலாறு எல்லாவற்றையும் கேட்கிறார்.

அறிக்கையின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 'சாதாரண அளவு' எல்லோருக்குமான இலக்கு அல்ல. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 100 என்பதே அதிகம். 2019இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டல் அத்தகையவர்களுக்கு 55இற்குக் கீழ் என்று சொல்கிறது. மறுபுறம், எல்.டி.எல். 190ஐத் தாண்டினால், இளவயதினராக இருந்தாலும் அது பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரோல் கோளாறாக இருக்கலாம். அப்போது சகோதரர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிப்பது அவசியம்.

"நோர்மலுக்கு வந்திட்டுது, குளிசையை விட்டிட்டன்"

நான் அடிக்கடி கேட்பதும் கவலைப்படுவதும் இந்த வசனத்துக்குத்தான். இலக்கம் இறங்கியது பெரும்பாலும் குளிசை வேலை செய்வதால். அற்றோவஸ்ரற்றின் போன்ற ஸ்ரற்றின் மருந்துகள் ஈரல் கொலஸ்ட்ரோல் உருவாக்குவதைக் குறைக்கின்றன. நிறுத்தினால் சில வாரங்களிலேயே அளவு பழையபடி ஏறிவிடும். கொலஸ்ட்ரோல் ஏறினால் உடலில் எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மருந்து தொடங்கிய பின் தசைநோ வந்தாலோ, கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டாலோ, வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ அவர் முடிவெடுப்பார்.

தேங்காயும் முட்டையும்

'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று எண்ணெய்ப் போத்தலில் எழுதியிருப்பது பெரிய விடயமல்ல. எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை. தேங்காய் எண்ணெயிலும் இல்லை. ஆனால் அதிலுள்ள நிரம்பிய கொழுப்பு எல்.டி.எல்லை உயர்த்தும். முட்டையை விட்டுவிட்டு மூன்று வேளையும் கட்டிப்பாலில் கறி சமைத்தால் பயன் குறைவு. ட்ரைகிளிசரைட்டை ஏற்றுபவை வேறு: சீனி, அளவுக்கு மீறிய சோறும் மாப்பண்டங்களும், மதுபானம்.

பரிசோதனைக்குப் போகும் முன்

வெறும் வயிற்றில் வரச் சொன்னால் 9 முதல் 12 மணித்தியாலம் சாப்பிடாமல் இருங்கள். தண்ணீர் குடிக்கலாம், சீனி போட்ட பிளேன்ரீ கூடாது. வழமையான மருந்துகளை, குறிப்பாக நீரிழிவு மருந்தை, அன்று காலை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய அறிக்கைகளை எறிய வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது அவற்றையும் கொண்டுபோய் வைத்தியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எனக்கு எல்.டி.எல். எவ்வளவு இருக்க வேண்டும்? அடுத்த பரிசோதனை எப்போது? அந்த இலக்கை அறிக்கையின் மேல் எழுதி வைத்தால், அடுத்த முறை எந்த வரியை முதலில் பார்ப்பது என்பது உங்களுக்கே தெரியும்.