சிடி20: மருந்துக்குப் பிடி கொடுத்த புரதம்

1975-ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் ஆன்டிபாடி சுரக்கும் எலியின் பி செல்லை, சாகாமல் பெருகும் புற்றுச் செல்லுடன் இணைத்தனர். அந்தக் கலப்புச் செல் ஒரே வகை ஆன்டிபாடியை ஓயாமல் சுரந்தது. மோனோகுளோனல் ஆன்டிபாடி எனப்பட்ட இதற்குக் காப்புரிமைகூடப் பெறப்படவில்லை. ஆன்டிபாடி கைக்கு வந்துவிட்டது. புற்றுச் செல்லின் எந்த இடத்தில் அதை ஒட்டவைப்பது என்பது தெளியத்தான் காலம் பிடித்தது.

ஸ்டான்ஃபோர்டின் ரான் லெவி பி செல்லின் ஏற்பியையே குறிவைத்தார். பி செல்லில் எழும் புற்றான லிம்ஃபோமா ஒற்றைச் செல்லிலிருந்து பெருகுவதால், ஒரு நோயாளியின் புற்றுச் செல்கள் எல்லாவற்றிலும் ஒரே ஏற்பி இருக்கும். அதை மட்டும் பற்றும் எலி ஆன்டிபாடி செலுத்தப்பட்ட ஒருவருக்கு நோய் முழுவதும் அடங்கிய செய்தி 1982-ல் வெளியானது. வழி துல்லியமானதுதான்; ஆனால் ஆளுக்கொரு மருந்தைப் புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, மரபணு திரிந்து ஏற்பியின் வடிவம் மாறிய செல்கள் தப்பிப் பெருகின.

எல்லோருக்கும் பொதுவான இலக்கு ஏற்கெனவே பாஸ்டனில் கிடைத்திருந்தது. 1980-ல் அங்கு பி1 என்ற பெயரில் விவரிக்கப்பட்ட புரதமே பின்னாளில் சிடி20 ஆனது. முதிர்ந்த பி செல்களிலும், அவற்றிலிருந்து எழும் பெரும்பாலான லிம்ஃபோமாக்களிலும் இது உண்டு. ரத்தத்தின் ஸ்டெம் செல்களில் இல்லை. ஆகவே மருந்து பி செல்களை அழித்தாலும் புதியவை முளைத்துவிடும். ஆன்டிபாடி ஒட்டினால் சிடி20 எளிதில் உதிர்வதில்லை, செல்லுக்குள் அமிழ்வதும் குறைவு. ஏற்பிகளோடு சேர்த்துப் பேசப்பட்டாலும், இதில் வந்து பொருந்தும் இயற்கை மூலக்கூறு எதுவும் உறுதியாக அறியப்படவில்லை என்பது வேடிக்கை.

முழு எலி ஆன்டிபாடியை மனித உடல் அந்நியமெனக் கண்டு எதிர்த்தது. எனவே ஐடெக் நிறுவனம் பற்றும் நுனியை மட்டும் எலியினதாக வைத்துக்கொண்டு, எஞ்சியதை மனித ஆன்டிபாடியாக அமைத்தது. அதுவே ரிடுக்ஸிமாப். நுனி சிடி20-ஐப் பிடிக்க, மனிதப் பகுதி இயற்கைக் கொல்லிச் செல்களையும் காம்ப்ளிமென்ட் புரதங்களையும் அழைத்துவரும். சிகிச்சைக்குப் பின் மீண்டும் தலைகாட்டிய அல்லது மருந்துக்கு மசியாத லிம்ஃபோமா கொண்ட 166 பேரிடம் நடந்த சோதனையில், வாரம் ஒன்றாக நான்கு தவணை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பலன் தெரிந்தது. 1997 நவம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

பிடிமானத்தின் நுணுக்கம் பிறகே துலங்கியது. சிடி20-இன் சங்கிலி செல் சவ்வை நான்கு முறை ஊடுருவுகிறது. வெளியே நீட்டியிருப்பவை இரண்டு சிறு வளையங்களே. அவற்றில் பெரியதில், 170-ஆம் இடத்து அலனினும் 172-ஆம் இடத்து புரோலினும் ரிடுக்ஸிமாபுக்கு இன்றியமையாதவை. எலியின் சிடி20-இல் அவ்விரு இடங்களிலும் இருப்பது செரின். அதை இம்மருந்து பற்றாது. 2020-ல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி, சிடி20 இரட்டையாக நிற்பதையும், அவ்விரட்டையைப் பிடிக்கும் இரு ஆன்டிபாடிக் கைகள் ஒன்றையொன்று தொடுவதையும் காட்டியது. இந்த நெருக்கத்தில் ஆன்டிபாடிகள் வளையமாகத் திரள்வதே காம்ப்ளிமென்ட் தாக்குதலுக்கு வாய்ப்பாகிறது. மருந்து சந்தைக்கு வந்து 23 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விளக்கம் இது.

2022-ல் ஒப்புதல் பெற்ற மோசுனெட்டுசுமாப் என்ற ஆன்டிபாடி ஒரு கையால் அதே சிடி20-ஐயும், மறு கையால் டி செல்லின் சிடி3-ஐயும் பிடித்து, இரு செல்களையும் நேருக்கு நேர் கொண்டுவருகிறது.