கல்வெட்டும் தீர்மானப் புத்தகமும்

பழைய அரசு மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுவது ஒரு கருங்கல் பலகை. வகுப்பறை கட்ட நன்கொடை தந்தவர்களின் பெயர்களும், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அப்படிக் கல் எதுவும் கிடையாது. தலைமையாசிரியர் அறை பீரோவில் ஒரு தீர்மானப் புத்தகம் இருக்கும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஒரு பெற்றோர் பள்ளி நிர்வாகத்துக்குள் நுழைய இருக்கும் இரண்டு வாசல்கள் இவை. பல பள்ளிகளில் இரண்டுமே திறந்திருக்கின்றன. எந்த வாசல் எதற்கு என்பதில் உள்ளே இருப்பவர்களுக்கே குழப்பம்தான்.

கழகத்தின் வேர் கொடையில் இருக்கிறது. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்த காலத்தில், 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பணமாகவும் பொருளாகவும் ஊரார் கொடுத்தார்கள். ஊர்ப் பள்ளிக்கு ஊரே பொறுப்பு என்ற அந்த எண்ணத்தின் வாரிசாகவே கழகத்தை நான் பார்க்கிறேன். அதன் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கணக்குப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது, கழகப் பணத்தில் ஒருவரை அமர்த்திக்கொள்வார்கள். ‘பி.டி.ஏ. வாத்தியார்’ என்று பெயர். சொற்பச் சம்பளம், பணி நிரந்தரம் பற்றிய பேச்சே கிடையாது. அவரிடம் படித்துத் தேறியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஆனால் கொடுக்கிறவர் சொல்லுக்குத்தான் கூட்டத்தில் எடை. அதனால் தலைவர் நாற்காலி அரிசி மில்காரரிடமோ, ஒப்பந்ததாரரிடமோ, கட்சிப் பிரமுகரிடமோ போய்ச் சேர்வது பல ஊர்களில் வழக்கமாயிற்று. மகன் கல்லூரியும் முடித்து வேலைக்குப் போய்விட்டான். அப்பா இன்னும் தலைவர். இப்படி ஒருவரை எனக்கே தெரியும். சேர்க்கை நேரத்தில் கழக நிதி என்று கேட்கும் தொகையைக் கொடுக்க முடியாமல் நின்ற தாய்க்கு அந்தக் கூட்டத்தில் என்ன இடம் இருந்திருக்கும்?

அந்தத் தாயை உள்ளே கொண்டுவந்தது கல்வி உரிமைச் சட்டம். 2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் 21-ஆம் பிரிவுப்படி, குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் உண்டு. தனியார் சுயநிதிப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது உறுப்பினர் 20 பேர், தலைவராகப் பிள்ளையின் தாய் என்று வகுத்தார்கள். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. இங்கே ஒருவருக்குத் தகுதி பர்ஸால் வருவதில்லை, பிள்ளையால் வருகிறது.

சரி, அதிகாரம் வந்ததா? பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, மானியச் செலவைக் கண்காணிப்பது என்று சட்டம் வேலையைக் கொடுத்திருக்கிறது. கையிலிருக்கும் தொகையோ சிறியது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி, நூற்றுக்கு மேல் 250 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. சுண்ணாம்பு அடிக்கலாம், குழாய் மாற்றலாம். சுற்றுச்சுவர் கட்ட முடியாது. அதைத் திட்டத்தில் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கழகம் என்றால் மில்காரரிடம் ஒரு நடை போய், செங்கல்லாவது கேட்டு வாங்கியிருக்கும்.

குழுவிடம் நிஜமான அதிகாரம் வந்த தருணம் ஒன்று உண்டு. 2022-ல் 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நியமிக்க அரசு முன்வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய். பழைய பி.டி.ஏ. வாத்தியார் ஏற்பாடே அரசுப் பணத்தில் திரும்பி வந்தது எனலாம். வேண்டியவர்களுக்கு வேலை போய்விடும் என்று எதிர்ப்பு கிளம்பி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. அந்த அச்சம் நியாயமானதே. கழகங்கள் எத்தனையோ ஆண்டுகளாக ஆள் எடுத்தபோது இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு பலமாக எழவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஆள் எடுப்பவர் மில்காரராக இருந்தால் நம்பினோம், கூலிக்காரத் தாய் என்றதும் சந்தேகம் வந்ததோ?

இன்னொரு சிக்கல் நேரம். குழுக் கூட்டம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகலில் என்று வைத்தார்கள். ஆசிரியருக்கு அது பணி நேரம். களை எடுக்கப் போகிறவருக்கு அரைநாள் கூலி போச்சு. கழகத்தார் ஞாயிற்றுக்கிழமை கூடி, டீ குடித்து, சாவகாசமாகப் பேசிவிட்டுப் போனவர்கள். தன்னார்வம் என்ற சொல்லுக்கு இருவரும் கொடுக்கும் விலை ஒன்றல்ல.

நான் உறுப்பினராக இருந்த குழுவில் தீர்மானங்களை முன்கூட்டியே எழுதிவைத்துக் கையெழுத்துக்கு நீட்டுவது வழக்கம். புதிய தலைவி இரண்டாம் கூட்டத்தில் பேனாவை வாங்கி மேசையில் வைத்தார். “படிச்சுக் காட்டுங்க சார், அப்புறம் போடுறேன்.” தலைமையாசிரியர் படித்தார். நாங்கள் பேசவே பேசாத ஒரு வரி நடுவில் இருந்தது. அதை அடித்துவிட்டு, பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுவதைச் சேர்த்து, திரும்பவும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போட்டார். மணி ஐந்தாகியிருந்தது. அவர் ஊருக்குப் போகும் டவுன் பஸ் நாலரைக்கே போய்விட்டது.