நாற்பத்தாறு நாள்களும் நூற்றெட்டு ஆண்டுகளும்

பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வந்து முன்னால் நிற்கும் எண் 46. 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாலத்தை ஈ. ஸ்ரீதரன் என்ற 32 வயதுப் பொறியாளர் 46 நாள்களில் மீட்டெடுத்தார். கொங்கண் ரயில்வே, தில்லி மெட்ரோ என்று அவர் பெயர் பின்னாளில் நாடறிந்ததாகிவிட்ட பிறகு, இந்த எண்ணுக்கு ஒரு புராணத்தின் ஒளியும் சேர்ந்துகொண்டது. அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பாம்பனின் கதை 46 நாள்களில் முடிந்துவிடுவதில்லை. எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்: உடைந்த உறுப்பை மாற்றுவது பெரிய வேலையல்ல, உடையாமல் இருக்கிற உறுப்பை இன்னும் நம்பலாமா என்று முடிவு செய்வதுதான் கடினம். பிரித்த கையோடு அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டவர்கள் இரண்டாம் முறையும் பிரிக்கிறார்கள், இரட்டைச் செலவில். பாம்பன் பாலம் பாதி பாலம், பாதி இயந்திரம். ஆகவே இந்தப் பட்டறை நியாயம் அதற்கு அப்படியே பொருந்தும்.

1911இல் தொடங்கிய கட்டுமானம் முடிந்து 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். 145 சிறிய கண்கள், ஒவ்வொன்றும் 40 அடி. நடுவே கப்பல் போக ஒரு திறப்பு. வடகடல் என்று நம் மீனவர்கள் அழைக்கும் பாக் நீரிணையையும், தென்கடலான மன்னார் வளைகுடாவையும் சேர்க்கும் வாய்க்கால் அதன் கீழே ஓடுகிறது. அந்தத் திறப்பை அமைத்த முறை சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஷெர்சருடையது. அவர் 1893இலேயே இறந்துவிட்டார்; பாம்பனைப் பார்த்ததில்லை. இரண்டு இரும்புச் சிறகுகள், ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எதிரெடை, அடியில் வளைந்த பரப்பு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொண்டால் போதும்: அடி கனமாகவும் வளைவாகவும் இருப்பதால் சிறிய விசைக்கே சாய்கிறது, நிமிர்கிறது. சிறகு பின்புறமாக உருண்டு மேலெழும். நூற்றாண்டுக்கும் மேலாக இதை மோட்டார் இயக்கவில்லை. இருபுறமும் ஆள்கள் நின்று கையால் பற்சக்கரங்களைச் சுற்றியே திறந்தார்கள், மூடினார்கள்.

இனி அந்த இரவு. இங்கே ஒரு பொதுப் பிழையை முதலில் களைய வேண்டியிருக்கிறது. ரயில் பாலத்திலிருந்து கடலில் விழுந்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அப்படியல்ல. பாம்பன் ரயில் நிலையம் தீவில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு 11.55க்கு அங்கிருந்து கிளம்பிய தனுஷ்கோடி பாசஞ்சர், வண்டி எண் 653, தீவின் கிழக்கு முனையை நோக்கி மணல்வெளியில் போய்க்கொண்டிருந்தது. தனுஷ்கோடியை நெருங்குகையில் கடல் ஏறி வந்து அதை மூடியது. கணக்கில் வந்தவர்கள் 110 பயணிகளும் 5 ஊழியர்களும். சீட்டு வாங்காமல் ஏறியிருக்கக் கூடியவர்களைச் சேர்த்தால் தொகை கூடும் என்பார்கள். பாலம் சிதைந்ததும் ரயில் அழிந்ததும் ஒரே புயலில் நிகழ்ந்தவை, ஆனால் இரண்டு வேறு நிகழ்ச்சிகள்.

இன்னொன்றும் உண்டு. தனுஷ்கோடிக்கு முன்னால் சிக்னல் கிடைக்கவில்லை என்றும், ஓட்டுநர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, நீண்ட விசிலடித்து, துணிந்து வண்டியை எடுத்தார் என்றும் ஒரு வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. வண்டியில் இருந்தவர் எவரும் உயிருடன் திரும்பவில்லை. எனில் அந்தத் துணிவை யார் பார்த்தார்? பழியைச் சுமக்க இறந்தவர் ஒருவர் கிடைத்துவிட்டால், நள்ளிரவில் புயலுக்குள் ஒரு வண்டியை அனுப்பிய ஏற்பாட்டை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. தெற்கு அந்தமான் கடலில் 17ஆம் தேதியே உருவாகி, 22ஆம் தேதி வவுனியா வழியாக இலங்கையைக் கடந்து வந்த புயல் அது. செயற்கைக்கோள் படம் வானிலை அலுவலகத்தின் அன்றாடக் கருவியாகாத காலம்தான், உண்மை. என்றாலும் இலங்கைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் இருப்பது மிகக் குறுகிய கடல். (அந்த நாள்களில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தீவுக்கு வந்திருந்ததை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு, அந்த வண்டியில் போனவர்களை நாம் நினைவில் வைத்திருக்கவில்லை.)

பாலத்துக்கு வருவோம். 145 கண்களில் 126இன் கர்டர்கள் கடலுக்குப் போய்விட்டன. தூண்கள் பெரும்பாலும் நின்றன. நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப் பாலமும் நின்றது. சீர் செய்ய ஆறு மாதம் என்று ரயில்வே திட்டமிட்டது. மேலதிகாரியாக இருந்த பி.சி. கங்கூலி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு ஸ்ரீதரனிடம் வந்தது. புதிய கர்டர்கள் தொலைவிலிருந்து வந்து சேர வேண்டும். அதற்கே மாதங்கள் ஆகும். அப்போதுதான் உள்ளூர் மீனவர்கள் வழியாக ஒரு செய்தி கிடைத்தது: கர்டர்கள் கடலடியில் கிடக்கின்றன. அவற்றைத் தேடி, தூக்கி, கொண்டுவந்து பழைய தூண்களின் மேலேயே ஏற்றினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது. ரயில்வே அமைச்சரின் பரிசாக ஸ்ரீதரனுக்கு 1,000 ரூபாய் கிடைத்தது. மீனவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது எங்கும் பேசப்படுவதில்லை.

அவசரம் நியாயமானதே. 1988இல் இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்படும்வரை தீவை நிலத்தோடு இணைத்தது இந்த ஒற்றைத் தண்டவாளம் மட்டும்தான். கடலில் மூழ்கிய இரும்பை எடுத்து அதே உயரத்தில், அதே அமைப்பில், அதே தூண்களில் மீண்டும் பூட்டியது அன்றைய தேவைக்குச் சரியான விடை. அதை நிரந்தர விடையாக நாம் ஏற்றுக்கொண்டோம் என்பதுதான் என் வருத்தம். எது பாலத்தை வீழ்த்தியதோ அந்தக் கடல் அங்கேயே இருந்தது. பாலமும் அதே நிலையில் அதன் முன் மறுபடி வைக்கப்பட்டது. அடுத்து வந்த தலைமுறைகள் வேகத்தைப் புகழ்ந்தன. தப்பிய உறுப்பைப் பற்றிய கேள்வியை ஒத்திவைத்தன.

ஆயினும் ஒரு முடிவைத் துணிந்து எடுத்தார்கள்: பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை மீண்டும் போடவில்லை. அந்த ஊரையே வாழத் தகாததென்று அரசு அறிவித்தது. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் போன துறைமுகம், போட் மெயிலின் கடைசி நிலையம், அஞ்சலகம், தேவாலயம் எல்லாம் இடிபாடாக விடப்பட்டன. மறுகட்டுமானத்தின் வரலாற்றில் கட்டாமல் விட்டதற்கும் ஓர் இடம் தர வேண்டும். 2019இல் தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட அடிக்கல் நாட்டப்பட்டது, பாதை அமையவில்லை. அதில் எனக்கு இழப்புணர்வு ஏதுமில்லை.

தூக்குப் பாலத்தைப் பற்றிய கேள்வி 2007இல்தான் உண்மையில் வந்து வாசலில் நின்றது. மீட்டர் கேஜ் அகலப் பாதையானபோது, கனமான எஞ்சினும் பெட்டிகளும் 1914இன் சிறகுகளின் மேல் ஏற வேண்டியிருந்தது. சென்னை ஐஐடியின் துணையோடு அவற்றைப் பலப்படுத்தி, அந்த ஆண்டு ஆகஸ்டில் வண்டிகளை விட்டார்கள். பிற்காலத்தில் அதிர்வை அளக்கும் உணர்கருவிகளும் பொருத்தப்பட்டன. 2013 ஜனவரியில் கட்டுப்பாடிழந்த கடற்படைப் படகொன்று பாலத்தில் மோதியது தனிக் கதை. அதையும் தாங்கியது. உப்பை மட்டும் தாங்க முடியவில்லை. உலகிலேயே மயாமிக்கு அடுத்தபடியாக இரும்பை அரிக்கும் இடம் பாம்பன் என்று நாளிதழ்கள் எழுதுவதுண்டு. இரண்டாமிடமா பத்தாமிடமா என்பது இருக்கட்டும், பாம்பனில் வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தத் தரவரிசை தேவையில்லை. தூக்குப் பாலத்தில் கோளாறு கண்டு ரயில்கள் நிறுத்தப்பட்ட நாள் 2022 டிசம்பர் 23. அதற்குப் பிறகு அந்தப் பாலத்தின் மேல் பயணிகள் வண்டி ஓடவில்லை. புயல் நாளிலிருந்து சரியாக 58 ஆண்டுகள். இந்த முறை எச்சரிக்கை முன்னால் வந்தது, ஒருவரும் சாகவில்லை.

அருகிலேயே எழுந்த புதிய பாலம், பழையதைவிட ஏறத்தாழ 3 மீட்டர் உயரமானது. 18.3 மீட்டர் கண்கள் 99; நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள கண் ஒன்று. இது உருள்வதில்லை, கிணற்றில் வாளி ஏறுவதைப் போல இரு கோபுரங்களுக்கு நடுவே கப்பிகளில், எதிரெடையின் துணையால், 17 மீட்டர் செங்குத்தாக எழுகிறது. மோட்டார் அதை எழுப்புகிறது. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, வெளியே பாலிசிலோக்சேன் வண்ணப்பூச்சு. உப்பிடம் கற்ற பாடம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் 2024 நவம்பரில் சோதிக்க வந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், திட்டமிடும் நிலையிலிருந்தே குறைகள் இருப்பதாக எழுதினார். தூக்கும் பகுதியின் வடிவமைப்பில் ரயில்வேயின் சொந்த ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓவை ஈடுபடுத்தவில்லை என்பது அவற்றுள் முக்கியமானது. துருவுக்கு எதிரான காப்பைப் பற்றியும் அவர் குறை சொன்னார். வெளிநாட்டு நிறுவனத்தின் வடிவமைப்பைச் சென்னை, மும்பை ஐஐடிகள் சரிபார்த்தன என்று ரயில்வே விடையளித்தது. ஆணையர் அனுமதி தந்தார், வேகத்துக்கு எல்லை வைத்து: மற்ற கண்களில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்கும் பகுதியில் 50. இந்த அறிக்கை நாளிதழ்களில் வந்தபோது பலர் அதைப் பாலத்துக்கு நேர்ந்த அவமானமாகப் பார்த்தார்கள். எனக்கு அது 1965இல் இல்லாமற்போன ஒரு தாளாகத் தோன்றியது. திறப்பதற்கு முன்பே, யாரும் சாவதற்கு முன்பே, குறை இதுவென்று கையெழுத்திட்டுச் சொன்ன தாள்.

2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது. அன்றைக்கே, மேலே எழுந்த பகுதி இறங்கும்போது சிறிது நேரம் சிக்கிக்கொண்டு பிறகு சரியானது. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பழைய பாலத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். வண்டியை எடுப்பதா வேண்டாமா என்று ஓட்டுநர் அங்கே இருட்டில் தனியாக முடிவு செய்ய வேண்டியதில்லை.