ஓமந்தையில ஒரு கறுப்புத் திரையும் 24 நிரையும்

போன மாரிக்கு ஓமந்தையில ஒரு அலுவலகத்துச் சேர்வர் நெட்வேர்க்கில இருந்து விழுந்துபோச்சு. வேற வழியில்லாமல் லப்டொப்பில சீரியல் வயரைக் கொழுவினன். லொகின் வந்தது. ஆனால் நீளமான கட்டளை ஒன்றை அடிக்க, 80 எழுத்தோட அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின்ர தொடக்கத்துக்கு வந்து, முன்னம் அடிச்சதுக்கு மேலேயே எழுதிச்சு. அழிக்க வேண்டிய கோப்பு எது, அழிக்கக் கூடாதது எது எண்டு கண்ணுக்குத் தெரியேல்லை. என்டரை அமத்தப் பயமா இருந்தது.

பழுது வயரில இல்லை, வரலாற்றில இருந்தது.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் பிறந்தது. 1963இல் வந்த ரெலிரைப் மொடல் 33 என்ற தட்டச்சுப் பொறிதான் அதன் வாய். வினாடிக்கு 10 எழுத்தைக் கடதாசியில் அடிக்கும். லினக்ஸில் இன்றும் நாங்கள் காணும் 'டிடிவை' என்பது அந்தப் பொறியின் பெயர்ச்சுருக்கம்தான். பிறகு 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் விடி100 என்ற திரையைக் கொண்டுவந்தது: 24 நிரை, 80 நிரல். 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையிலும் 80 நிரல்தான்.

எஸ்எஸ்எச்சில் நுழைந்தால் எங்கள் ஜன்னலின் அளவு தானாகவே மறுபக்கம் போய்ச் சேரும். சீரியல் வயரில் எழுத்துகள் மட்டும்தான் போகும். அளவைச் சொல்ல வழியே இல்லை. அதனால் ஷெல், எதிரே பழைய 80 நிரல் திரை இருக்குது எண்டு நினைச்சுக்கொள்ளும். என்ர ஜன்னலோ 160 நிரல். குழப்பம் அங்கதான்.

வைத்தியம் சின்னன். 'எஸ்டிடிவை' கட்டளையால் நிரை, நிரல் எண்ணிக்கையை நாங்களே சொல்லலாம். 'ரீசைஸ்' இருந்தால் இன்னும் சுகம்: கேர்சரைத் திரையின் கடைசி மூலைக்கு அனுப்பி, "எங்க நிக்கிறாய்?" எண்டு டெர்மினலிடமே கேட்டு அளவை எடுக்கும். எழுத்துகளே கந்தறுந்து வந்தால் வேகத்தைப் பாருங்கோ. ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 115200 எண்டு நிக்கும். அந்த வேகத்தை அளக்கும் 'போட்' என்ற அலகு, 1874இல் தந்திக் குறியீட்டுக்குக் காப்புரிமை பெற்ற எமில் போடோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரில் வந்தது.

வேலை முடிஞ்சு ஓமந்தை ஸ்டேசன் பக்கம் வந்தன். 1990இல் நின்றுபோன வடக்கு ரயில் 2011இல் வவுனியாவைத் தாண்டி இங்க வரைக்கும் வந்தது. 2013இல் கிளிநொச்சிக்குப் போகும்வரை இதுதான் கடைசி நிலையம். டெர்மினல் எண்டாலும் அதுதானே, பாதை முடியிற இடம்.

நெட்வேர்க் விழுந்தால் எங்களுக்கு மிஞ்சுவது இந்தப் பழைய பாதைதான். அதுக்கு எங்களைத் தெரியாது. நாங்கள்தான் எங்கட அளவைச் சொல்லவேணும். என்டரை அமத்த முதல் அதைச் சொல்லுங்கோ.